யூனிஃபார்ம் இல்லன்னு ஒரு நாள்கூட புள்ளைய வீட்ல நிறுத்தாதீங்க

போன வருஷம் ஜூன்ல, எங்க வீட்டுத் திண்ணையில சாயங்காலம் படிக்க வர்ற பையன் ஒருத்தன் ஒரு வாரமா ஆளக் காணோம். 8-வது வரைக்கும் ஒரு நாள் தவறாம வந்தவன். அவங்க அம்மா ஷூ கம்பெனிக்கு போறவங்க, காலையில 7 மணிக்கு கம்பெனி பஸ் ஏறினா வீடு திரும்ப ராத்திரி 7 ஆகிடும், அதனால ஞாயித்துக்கிழமையா பார்த்து போய் கேட்டேன். "இன்னா பண்றதுன்னே தெரிலக்கா, டெய்லி பைய மாட்டிகினு கிளம்பறான், ஆனா ஸ்கூல்ல இருந்து வரலன்னு போன் வருது"ன்னு கண்ணு கலங்கிட்டாங்க. பையன தனியா உக்கார வெச்சு பேசினப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. 8-வது வரைக்கும் ஸ்கூல்ல குடுத்த யூனிஃபார்ம் 9-வதுக்கு வரல, பழைய பேன்ட்டு கணுக்காலுக்கு மேல நிக்குது, முதல் நாள் கலர் டிரஸ்ல போயிருக்கான், பிரேயர்ல தனியா நிக்க வெச்சிருக்காங்க, பசங்க சிரிச்சிருக்காங்க, அடுத்த நாள்ல இருந்து ஏரிக்கரையில போய் உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்றான்.

ஒரு பேன்ட்டு விஷயம். அதுக்கு ஒரு பையனோட ஸ்கூல் படிப்பே போக இருந்துச்சு. குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு நம்ம வேலூர் பக்கம் அம்மா அப்பா ரெண்டு பேருமே வேலைக்கு போற வீடு ஜாஸ்தி, இந்த மாதிரி சின்ன சின்ன விஷயத்த பார்த்து சரி பண்ண வீட்ல ஆள் இருக்காது. அதனால டிரஸ், ஸ்கூல்ல நடக்குற போட்டி விளையாட்டு, சாயங்காலப் படிப்பு, இந்த மூணையும் எப்படி சமாளிக்கணும்னு எனக்கு தெரிஞ்சத சொல்றேன், சாயங்காலம் வீட்டுப் பக்கத்துலயே பசங்களுக்கு சொல்லிக்குடுக்குற அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வில நான் தன்னார்வலரா இருந்தேன், இப்பவும் திண்ணையில சொல்லிக்குடுக்குறேன், ஸ்கூல் மேலாண்மைக் குழுவுலயும் உக்காந்திருக்கேன்.

மொதல்ல யூனிஃபார்ம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளில 1-ல இருந்து 8 வரைக்கும் சத்துணவு திட்டத்துல இருக்கிற பசங்களுக்கு வருஷத்துக்கு 4 செட் இலவசமா வருது. இதுல கவனிக்க வேண்டியது சத்துணவு திட்டம்ங்கிற வார்த்தைதான். "எங்க புள்ள வீட்டு சாப்பாடுதான் எடுத்துன்னு போவும்"னு சொல்லி அந்த லிஸ்ட்ல பேரே சேர்க்காம விட்டுட்டு அப்புறம் யூனிஃபார்ம் வரலன்னு கேக்குறவங்கள நான் பார்த்திருக்கேன். சேர்க்கும்போதே கிளாஸ் டீச்சர்கிட்ட சத்துணவு லிஸ்ட்ல பேர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. 9-வதுல இருந்து நாமதான் வாங்கணும், இது நிறைய பேருக்கு ஸ்கூல் திறந்த அன்னைக்குதான் தெரியுது. 8-வது முழுப் பரீட்சை முடியுற ஏப்ரல்லயே இதுக்குன்னு கொஞ்சம் காசு தனியா எடுத்து வெச்சிடுங்க, மே மாசமே துணி எடுத்து தைக்கப் போட்டுடுங்க, ஜூன் முதல் வாரத்துல போனா எந்த டெய்லரும் "பத்து நாள் ஆவும்மா"ன்னுதான் சொல்வாங்க.

துணி எடுக்க வேலூர் லாங்கு பஜார், சாரதி மாளிகைன்னு போறவங்க கையோட பழைய சட்டை ஒண்ணு, பேன்ட்டு ஒண்ணு எடுத்துட்டு போங்க. போன்ல எடுத்த போட்டோவ நம்பாதீங்க, கடை லைட்ல நேவி ப்ளூவும் கருப்பும் ஒண்ணாதான் தெரியும், வெளிய வெயில்ல கொண்டு வந்து பழைய துணி மேல வெச்சு பாருங்க. எவ்வளவு மீட்டர்னு டெய்லர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கடைக்கு போங்க, துணி அகலத்துக்கு தகுந்த மாதிரி அது மாறும்.

தைக்கக் குடுக்கும்போது ஒரே ஒரு விஷயம் சொல்லணும்: கால் பக்கம் மூணு இஞ்ச் மடிப்பு உள்ள விட்டு தையுங்க, இடுப்புலயும் பின்னாடி தையல்ல கொஞ்சம் துணி விடுங்க. வளர்ற பசங்க, ஒரு வருஷத்துல ரெண்டு தடவ பிரிச்சு இறக்கலாம். ஸ்கூல்ல குடுக்குற ரெடிமேட் செட்டா இருந்தாலும் வந்த அன்னைக்கே உள்ள மடிப்பு எவ்வளவு இருக்குன்னு திருப்பி பார்த்துக்கோங்க, நிறைய இருந்தா வெட்டிடாதீங்க. பிரிச்சு இறக்கினா பழைய மடிப்பு இருந்த இடத்துல வெளுத்த கோடு ஒண்ணு தெரியும், பெரியவங்க நமக்கு அது ஒண்ணுமில்ல, ஆனா 14 வயசு பையனுக்கு அந்தக் கோடுதான் உலகம். அந்த கோட்டு மேலயே அதே கலர் நூல்ல சுத்தி ஒரு தையல் ஓட்டச் சொல்லுங்க, கோடு மறைஞ்சு டபுள் தையல் போட்ட பேன்ட்டு மாதிரி ஆயிடும். நான் சொன்னேனே அந்த பையன், அவனுக்கு நாங்க முதல்ல பண்ணது இதுதான். பழைய பேன்ட்டுல ரெண்டரை இஞ்ச் துணி உள்ளயே இருந்துச்சு, யாரும் பிரிச்சு பார்க்கல. தெருமுனை டெய்லர் அண்ணன் முப்பது ரூபா வாங்கிட்டு அரைமணி நேரத்துல முடிச்சு குடுத்துட்டாரு, திங்கட்கிழமை அவன் ஸ்கூல்ல இருந்தான்.

வெள்ளைச் சட்டை வெச்சிருக்கிற ஸ்கூல்னா நம்ம ஊரு போர் தண்ணியில நாலு மாசத்துல மஞ்சளா ஆயிடும், உப்புத் தண்ணி. முடிஞ்சா கடைசி அலசு மட்டும் குழாய்ல வர்ற நல்ல தண்ணியில அலசி நீலம் போடுங்க, காலர் உள்பக்கத்துக்கு சோப்பு போட்டு பத்து நிமிஷம் ஊற வெச்சு அப்புறம் கசக்குங்க. அப்புறம் இந்த வெயில். ஜூன்லகூட வேலூர்ல நெருப்பா அடிக்கும், யூனிஃபார்ம் துணி பாலியஸ்டர் கலந்ததுன்னா கழுத்து அக்குள்ல வேர்க்குரு வந்து புள்ளைங்க கிளாஸ்ல சொறிஞ்சிகிட்டே இருக்கும், உள்ள ஒரு காட்டன் பனியனோ ஸ்லிப்போ போட்டு அனுப்புங்க, வேர்வைய அது இழுத்துக்கும். சின்ன புள்ளைங்களுக்கு சட்டை உள்பக்கம் காலர்ல பேர் முதலெழுத்த நூலால தைச்சிடுங்க, பேனா எழுத்து நாலு தடவை துவைச்சா போயிடும்.

இன்னொண்ணு, யூனிஃபார்ம் பஸ் டிக்கெட்டும்கூட. வருஷா வருஷம் புது பஸ் பாஸ் கைக்கு வர்ற வரைக்கும், யூனிஃபார்ம் போட்டிருந்தாலோ பழைய பாஸ், ஐடி கார்டு காட்டினாலோ கவர்மென்ட் பஸ்ல பசங்கள இலவசமா ஏத்திக்கச் சொல்லி போக்குவரத்துத் துறை அறிவிக்கும். கலர் டிரஸ்ல போற பையன கண்டக்டர் டிக்கெட் கேட்டா கையில காசு இருக்காது, அங்கயே இறங்கி வீட்டுக்கு திரும்பிடுவான். பழைய பாஸ தூக்கி போடாம பையிலயே வெச்சிருக்கச் சொல்லுங்க. 11-வதுல இலவச சைக்கிள் வரும், அதுவரைக்கும் பஸ்தான் கதி.

தலைமுடி, கை, காது, நெத்தி விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூலுக்கு ஸ்கூல் ரூல் வேற, அதனால சேர்க்கிற அன்னைக்கே கேட்டு டைரியில எழுதிக்கோங்க: ரெட்டை ஜடை மடிச்சு கட்டணுமா, ரிப்பன் என்ன கலர், பூ வைக்கலாமா, வளையல் போடலாமா, ஷூவா செருப்பா. பசங்களுக்கு முடி. சலூனுக்கு தனியா அனுப்பினா காது மேல மெஷின் போட்டு நடுவுல மட்டும் காடு மாதிரி விட்டுட்டு வருவான், மறுநாள் கேட்ல நிறுத்துவாங்க. கூட போய் "ஸ்கூல் கட்டிங் அண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா முடிஞ்சது. கார்த்திகை மார்கழில மாலை போட்ட பசங்க, முடி இறக்கிட்டு மொட்டையோட வர்ற பசங்க, யூனிஃபார்ம் கலர்லயே துணி எடுத்து முக்காடு போடுற பொண்ணுங்க, இவங்கள எல்லாம் பத்தி முன்கூட்டியே ஹெட்மாஸ்டர்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லிடுறது நல்லது, சொல்லிட்டு செஞ்சா பெரும்பாலும் ஒத்துப் போயிடுவாங்க, சொல்லாம செஞ்சாதான் பிரேயர்ல பேச்சு வரும்.

கையில கட்டுற கலர் கயிறு மட்டும் நான் கண்டிப்பா வேணாம்னு சொல்வேன். சாமி கயிறுன்னு ஆரம்பிக்கும், அப்புறம் இந்த கலர்னா இந்த ஜாதின்னு பசங்க பிரிஞ்சு நிப்பாங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு பையன வீடு புகுந்து வெட்டினதுக்கு அப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல குடுத்த அறிக்கையில கலர் கயிறு, மோதிரம், நெத்தியில பொட்டு திருநீறு எதுவும் ஸ்கூலுக்கு வேணாம்னு பரிந்துரை பண்ணியிருக்காங்க. நெத்தி விஷயத்துல ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனா யூனிஃபார்ம்னு ஒண்ணு இருக்கிறதே எல்லா புள்ளையும் ஒண்ணா உக்காரத்தான், அதுக்கு மேல ஒரு கயிற கட்டி பிரிச்சு விட்டா அந்த துணிக்கே அர்த்தம் இல்ல.

சரி, எல்லாம் பண்ணியும் யூனிஃபார்ம் தயாராகல, என்ன பண்றது? அப்பவும் ஸ்கூலுக்கு அனுப்புங்க. கூட ஒரு லெட்டர் குடுத்தனுப்புங்க, பெருசா வேணாம், இப்படி இருந்தா போதும்: "மதிப்பிற்குரிய ஐயா, என் மகனுக்கு சீருடை தைக்கக் கொடுத்துள்ளோம். வரும் 20-ம் தேதிக்குள் கிடைத்துவிடும். அதுவரை வேறு உடையில் வகுப்பில் அமர அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." கீழ கையெழுத்து, போன் நம்பர். தேதி போட்டு கேட்டா டீச்சருக்கும் நம்பிக்கை வரும். கேட்ல நின்னு சத்தம் போடாதீங்க, புள்ளைக்குதான் அசிங்கம். ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கல்வி உரிமைச் சட்டம் 2009-ல 17-வது பிரிவு, அடிக்கிறதும் மனசு நோகுற மாதிரி நடத்துறதும் கூடாதுன்னு சொல்லுது, 16-வது பிரிவு 8-வது முடியுற வரைக்கும் எந்த புள்ளையையும் ஸ்கூல விட்டு நீக்கக் கூடாதுன்னு சொல்லுது. டிரஸ்ஸுக்காக தினமும் வெயில்ல நிக்க வெச்சா முதல்ல கிளாஸ் டீச்சர், அப்புறம் ஹெட்மாஸ்டர், அப்புறம் மேலாண்மைக் குழு, அதுவும் ஆகலன்னா 14417-க்கு போன் பண்ணுங்க, பள்ளிக் கல்வித்துறையோட உதவி நம்பர். மேலாண்மைக் குழுவுல பெத்தவங்கதான் ஜாஸ்தி, உங்க தெருவுலயே ஒருத்தங்க இருப்பாங்க, விசாரிச்சு பாருங்க.

அடுத்தது போட்டி, விளையாட்டு. இதுல நிறைய வீட்ல "அதெல்லாம் படிப்பு கெட்டுடும்"னு தடுக்குறாங்க, நான் பார்த்த வரைக்கும் ஸ்கூலுக்கு போக புடிக்காத புள்ளைய ஸ்கூலுக்கு இழுக்கிறதே இந்த ஒண்ணுதான். அரசுப் பள்ளிப் பசங்களுக்கு கலைத் திருவிழான்னு 2022-ல இருந்து நடக்குது, ஸ்கூல் அளவு, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியா போகும், ஜெயிச்சவங்களுக்கு கலையரசன், கலையரசின்னு பட்டம். பாட்டு, டான்ஸ், ஓவியம் மட்டும்னு நினைக்காதீங்க, நாட்டுப்புறக் கலையும் இருக்கு. நம்ம வட ஆற்காடு தெருக்கூத்துக்கு பேர் போன மண்ணு, பம்பை அடிக்கிற தாத்தா, கூத்துல வேஷம் கட்டுற மாமான்னு எத்தனை வீட்ல ஆள் இருக்காங்க. எங்க திண்ணைக்கு வர்ற பொண்ணு ஒண்ணு கிளாஸ்ல வாயே திறக்காது, அவங்க தாத்தா கூத்துல பாடுறவரு, அவர்கிட்ட ரெண்டு பாட்டு கத்துகிட்டு மேடையில நின்னு எடுத்து விட்டுச்சு பாருங்க, அன்னைக்குல இருந்து வாத்தியார் கேள்வி கேட்டா முதல் ஆளா கை தூக்குது.

விளையாட்டுன்னா பி.டி. சாரையோ மிஸ்ஸையோ போய் நேர்ல பாருங்க. குடியரசு தின போட்டி, பாரதியார் தின போட்டின்னு வருஷா வருஷம் நடக்கும், எந்த மாசம் செலக்ஷன்னு அவங்களுக்குத்தான் தெரியும். நம்ம சத்துவாச்சாரியில இருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட்னு ரெண்டு காமன்வெல்த்லயும் பளு தூக்குறதுல தங்கம் வாங்கினாரு, பசங்ககிட்ட இத சொல்லுங்க, பக்கத்து ஊர்க்காரர்னு தெரிஞ்சா கண்ணு விரியும். பொண்ணுங்க 7-வது 8-வது வந்ததும் விளையாட்ட நிறுத்திடுதுங்க, காரணம் பாதி நேரம் டிரஸ்தான், குட்டையா இருக்கு, மெல்லிசா இருக்குன்னு கூச்சம். முழுக்கால் டிராக் பேன்ட்டு, கொஞ்சம் லூசான டி-ஷர்ட்டு போட்டு விளையாடலாமான்னு மிஸ்கிட்ட அம்மா போய் கேட்டாலே போதும், புள்ளைங்க தானா கேக்காது. மாதவிடாய் நாள்ல என்ன பண்றதுன்னும் அதே மிஸ்கிட்ட பேசிடுங்க, பையில ஒரு நாப்கின், ஒரு உள்ளாடை, பழைய நியூஸ் பேப்பர் சுத்தி எப்பவும் இருக்கட்டும்.

என்சிசி, ஜூனியர் ரெட் கிராஸ், ஸ்கவுட், பசுமைப் படைன்னு இருக்கிறதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டும். மூணுல சேர்த்து விட்டு ஒண்ணுக்கும் ஒழுங்கா போகாம ஆகுறத விட அது மேல். சேரும்போது தனி டிரஸ், ஷூ, கேம்ப் செலவு எதாவது இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமானது, சாயங்காலம். நாலே கால் மணிக்கு ஸ்கூல் விடுது, அம்மா அப்பா வர ஏழு மணி. அந்த மூணு மணி நேரம் புள்ளைய யார் பார்க்குறாங்க? 2021 அக்டோபர்ல கொரோனாவுல விட்டுப்போன படிப்புக்காக இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப எங்களுக்கு மாசம் 1000 ரூபா குடுத்தாங்க, சாயங்காலம் 5-ல இருந்து 7 வரைக்கும், 1-ல இருந்து 8 வரைக்கும் படிக்கிற பசங்க. அதுல நான் கத்துகிட்டது என்னன்னா, டியூஷன் மாதிரி பாடத்த திருப்பி நடத்தறத விட, புள்ளை வந்து உக்கார ஒரு இடம் இருக்குன்னு ஆகுறதுதான் பாதி வேலை.

உங்க தெருவுல இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும்னா பெருசா எதுவும் வேணாம். ஒரு திண்ணையோ கோயில் மண்டபமோ, நல்ல வெளிச்சம் தர்ற லைட்டு, ஒரு கரும்பலகை, குடிக்க தண்ணி. தெருவ பார்த்த இடமா இருக்கணும், கதவு திறந்தே இருக்கணும், பெரியவங்க ரெண்டு பேராவது கண்ணுல படுற மாதிரி இருக்கணும், இதுல விட்டுக்குடுக்கவே கூடாது. வந்ததும் புக்க திறக்க சொல்லாதீங்க, பசியில இருக்கும், சுண்டலோ பொரியோ வேர்க்கடலையோ ஒரு கை குடுத்து பத்து நிமிஷம் ஓட விடுங்க, அஞ்சு வீட்டுக்காரங்க முறை வெச்சா யாருக்கும் பாரமா இருக்காது. அப்புறம் வகுப்பு வாரியா பிரிக்காம, படிக்கத் தெரியுறத வெச்சு பிரிங்க. 6-வது படிக்கிற புள்ளை எழுத்துக் கூட்டி படிக்குதுன்னா 3-வது புள்ளைங்க கூட உக்கார கூச்சப்படும், அதனால "நீ இவங்களுக்கு சொல்லிக்குடு கண்ணு"ன்னு சொல்லி உக்கார வைங்க, சொல்லிக்குடுக்குற சாக்குல அதுவும் படிச்சிடும். தினம் இருபது நிமிஷம் சத்தமா வாசிப்பு, பத்து நிமிஷம் வாய்ப்பாடு, மிச்ச நேரம் ஹோம் ஒர்க். போன் வேணும்னா ஒரே ஒரு போன், பெரியவங்க கையில.

8-வது படிக்கிற பசங்க இருந்தா என்எம்எம்எஸ்ங்கிற மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சைக்கு தயார் பண்ணுங்க, அரசு, அரசு உதவி பெறும் பள்ளில படிக்கணும், வீட்டு வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும், பாஸாகி லிஸ்ட்ல வந்தா 9-ல இருந்து 12 வரைக்கும் வருஷம் 12,000 ரூபா. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. மனத்திறன் கேள்விய ஸ்கூல் பாடத்துல பார்த்திருக்காது, அதனால பழைய கேள்வித்தாள எடுத்து வாரத்துல ரெண்டு நாள் உக்கார வெச்சு போடச் சொன்னாத்தான் கை வரும். வருமானச் சான்று, ஜாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்துல முன்னாடியே போட்டு வைங்க, கடைசி நாள்ல ஓடாதீங்க. பீடி சுத்துற வீட்டுப் புள்ளைங்களுக்கு மத்திய அரசோட தனி உதவித்தொகை இருக்கு, பீடித் தொழிலாளர் அட்டை வெச்சிருக்கிறவங்க தேசிய உதவித்தொகை போர்ட்டல்ல விண்ணப்பிக்கலாம். பத்தாவதோட போதும்னு நினைக்கிற வீட்ல இத சொல்லுங்க: 6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, பசங்களுக்கு 2024-ல இருந்து தமிழ்ப் புதல்வன், அதே 1000. பத்தாவதுல நின்னுட்டா இது எதுவும் கைக்கு வராது.

கடைசியா ஒரு நோட்டு போடுங்க. யார் வந்தாங்க, யார் வரலன்னு தினமும் ஒரு கோடு. டிரஸ்ஸோ, ஷூவோ, எவனாவது அடிச்சானோ, பாடம் புரியலயோ, புள்ளைக்கு ஸ்கூல்ல என்ன கஷ்டம் வந்தாலும் அது முதல்ல இந்த நோட்டுலதான் தெரியும், வாயால சொல்லாது. ரெண்டு நாள் வரலன்னா மூணாவது நாள் அவங்க வீட்டுக்கு போங்க, சாயங்காலம் போகாதீங்க, அம்மா இருக்க மாட்டாங்க. காலையில கம்பெனி பஸ் வர்றதுக்கு முன்னாடி, ஆறரை மணிக்கெல்லாம் போய் நில்லுங்க. அம்மாகிட்ட பேசிட்டு, கொடியில காயுற யூனிஃபார்மையும் ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க, பட்டன் இருக்கா, கிழிஞ்சிருக்கா, காஞ்சிருக்கான்னு. புள்ளைய யாராவது அடிக்கிறாங்க, வேலைக்கு அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா 1098-க்கு போன் பண்ணுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க.